கை நனைக்க வந்த ஒன்பது பேர்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டேன். சாப்பிடாமல் போய்விட வேண்டுமே என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டு வேண்டுதலும் ஒரே சாமியிடம், ஒரே மூச்சில். சாமி குழம்பிப் போயிருக்கும்.

விஷயம் வேறொன்றுமில்லை. என் தங்கை தையல்நாயகியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்கள் முதல் தடவையில் கை நனைக்க மாட்டார்கள். அதாவது, பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். மோர் கொடுத்தால் குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், ‘கடுதாசி போடறோம்’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். கை நனைத்துவிட்டார்கள் என்றால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அதற்கப்புறம் பேச்சு மாறக் கூடாது.

நல்ல வழக்கம்தான். ஆனால் இதை ஏற்படுத்திய காலத்தில் ரேஷன் கடை கிடையாது.

நான் பெரம்பலூரில் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் நான், மனைவி கனகு, தங்கை, மூன்று பெண் குழந்தைகள் என்று ஆறு பேர். வாலிகண்டபுரத்துப் பக்கம் கொஞ்சம் மேட்டு நிலம் இருக்கிறது. மழை பெய்தால் வரகு விளையும். பெய்யாவிட்டால் அதுவும் குறைவாக விளையும். மற்றபடி சம்பளமும் ரேஷன் கார்டும்தான். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கடையில் அரிசி போடுகிறார்கள். வாங்கி வந்து முறத்தில் கொட்டினால் கல், நெல், உமி எல்லாம் வரும். அவற்றோடு அரிசியும் வரும்.

இந்தச் சங்கதியை வைத்துக்கொண்டு கனகு ஆறு வயிற்றை நிரப்புகிறாள். எப்படி? எனக்கு முழுவதும் தெரியாது. தெரிந்தவரை சொல்கிறேன். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஆளுக்கு ஒரு தம்ளர் கெட்டியான கம்பங்கூழ் கொடுத்துவிடுவாள். ‘சும்மா குடிச்சி வைங்க’ என்பாள். அப்புறம் தட்டில் வரகுச் சோறு. அதன்மேல் வெள்ளையாக ஒரு கரண்டி அரிசிச் சோறு. பார்க்கிறவர்களுக்கு அரிசிச் சோறுதான் தெரியும். தின்கிறவர்களுக்கு மட்டும்தான் அடியில் இருப்பது தெரியும்.

சில வாரங்களுக்கு முன் சிக்கனத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் எழுதியிருந்தேனே... நன்றாக இருந்தது என்று மூன்று பேர் கடிதம் போட்டிருந்தார்கள். பெருமையோடு கனகுவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். “இதை எழுதறப்ப சாப்ட்டுட்டு எழுதினீங்களா, சாப்பிடாம எழுதினீங்களா?” என்றாள். அதோடு சிக்கனத்தைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டேன்.

தையல்நாயகிக்கு இருபது வயது ஆகிறது. ஏற்கெனவே ஒரு இடம் வந்து தட்டிப்போனது. வரதராஜன்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பெண்ணைப் பிடித்துப்போய்ச் சட்டென்று கை நனைக்கிறோம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கனகு முன்கூட்டியே பத்துப் பேருக்குப் பொங்கி வைத்துவிட்டாள். அந்த வாரத்து அரிசி அத்தனையும் பானையில். அவர்களோ மோரைக் குடித்தார்கள். பெண்ணின் மூக்கு கொஞ்சம் சப்பை என்று அவர்களில் ஒரு அம்மாள் எங்கள் காதுபடச் சொன்னாள். எழுந்து போய்விட்டார்கள்.

அன்று ராத்திரி அரிசிச் சோறு. மறுநாள் காலை பழையது. மத்தியானமும் பழையது. அப்புறம் நாலு நாள் வெறும் கூழ். குழந்தைகளுக்கு மட்டும் அந்த மூன்று வேளையும் தீபாவளி மாதிரி இருந்தது. “அத்தையை மறுபடி எப்பப்பா பொண்ணு பாக்க வருவாங்க?” என்று பெரியவள் கேட்டாள். தையல்நாயகி அதைக் கேட்டுச் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் மூக்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். நான் கவனித்திருக்கிறேன்.

அதனால் இந்தத் தடவை கனகு ஒரு முடிவோடு இருந்தாள். அவர்கள் வாயால் சொல்லாமல் அரிசியைக் களைவதில்லை.

மாப்பிள்ளை வீடு அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சி. மாப்பிள்ளை நடராஜன், மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். நாலு பேர் வருவதாகக் கடிதம் எழுதியிருந்தார்கள்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதால் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற கரி பஸ் எங்கள் தெருமுனையில் வந்து நின்று பெருமூச்சு விட்டது. மாப்பிள்ளை இறங்கினார். அவர் அப்பா இறங்கினார். அம்மா இறங்கினார். நாலாவதாக, பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்து நிமிர, மாப்பிள்ளையின் பெரியப்பா இறங்கினார். சரி, நாலு ஆயிற்று என்று நான் கும்பிடப் போனேன். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒன்பது பேர். எல்லோர் முகத்திலும் கரி.

“என்ன வாத்தியாரே, கூட்டத்தைப் பாத்து மலைச்சிட்டீங்களா?” என்றார் பெரியப்பா. “நாளைக்கு வாலிகண்டபுரத்துல எங்க சொந்தக்காரங்க வூட்ல காதுகுத்து. எல்லாருமா அதுக்குத்தான் போயிட்டு இருக்கோம். வழியில பொண்ணையும் பாத்துருவோம்னு எறங்கிட்டோம்.”

“அதனால என்னங்க, நம்ம வூடு. வாங்க, வாங்க,” என்றேன்.

முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பைகளும் மூட்டைகளும் ஒரு மூலையில் குவிந்தன. மாப்பிள்ளையின் அப்பா அதிகம் பேசாதவர். அண்ணன் எதைச் சொன்னாலும் ‘ஆமாண்ணே’ என்பார். மாப்பிள்ளையும் பேசவில்லை. அவர்கள் இருவர் பேச வேண்டியதையும் சேர்த்துப் பெரியப்பா பேசினார். பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றி.

“எங்க அப்பாரு காலத்துல எங்க வூட்ல ஒரு நேரத்துக்கு முப்பது எலை விழும். இப்பத்தான் ரேஷனு கீஷனுன்னு... நம்மளை எல்லாம் அது ஒண்ணும் பண்ணாது. என்னடா தம்பி?”

“ஆமாண்ணே.”

நான் சும்மா இருந்திருக்கலாம். பெண் வீட்டுக்காரன் ஒரு படி கீழே என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். “எங்க வூட்லயும் அப்படித்தாங்க. ரேஷனை நாங்க ஒரு பேருக்குத்தான் வாங்கறது,” என்றேன். உள்ளே கரண்டி ஒன்று கீழே விழுந்தது. விழுந்ததா, போடப்பட்டதா?

தையல்நாயகி வந்து கும்பிட்டுவிட்டு நின்றாள். பெரியப்பா இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்து ஏதோ மெதுவாகக் கேட்டார். அவளும் மெதுவாக ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் சிரித்தார். மாப்பிள்ளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பாயைப் பார்க்க ஆரம்பித்தார். அவ்வளவுதான். தையல்நாயகி உள்ளே போனாள்.

பெரியப்பா தம்பி முகத்தைப் பார்த்தார். தம்பி தன் பெண்சாதி முகத்தைப் பார்த்தார். தலைகள் ஆடின.

“வாத்தியாரே, வளத்துவானேன்? பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. கை நனைச்சிட்டே போறோம். எலையைப் போடச் சொல்லுங்க.”

“ஆமாண்ணே,” என்றார் தம்பி, கேட்காமலேயே.

அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று எழுதுவேன்? அடுத்த நிமிஷம் அரிசிப் பானை ஞாபகம் வந்தது. “அது எங்க பாக்கியம்,” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்கு ஓடினேன்.

“கனகு, கை நனைக்கிறாங்களாம்.”

அவள் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே சுருங்கியது.

“எத்தனை பேரு?”

“ஒன்பது.”

“அந்தப் பெரியவரையும் சேத்தா?”

“சேத்துத்தான்.”

“அவரை ஒண்ணுன்னா எண்ணினீங்க?”

வீட்டில் இருந்தது ஒன்றரைப் படி அரிசி. அடுத்த வெள்ளிக்கிழமை வரை ஆறு பேருக்கு அதுதான். வரகு மட்டும் ஒரு மூட்டை இருந்தது. முதல் தடவை கை நனைக்கிற சம்பந்தி வீட்டாருக்கு வரகுச் சோறு போட முடியுமா? போட்டால் ஊர் பூராவும் சொல்லிச் சிரிக்க மாட்டார்களா? அதுவும், ரேஷனை ஒரு பேருக்குத்தான் வாங்குவதாகச் சற்று முன்னால்தான் ஒருவன் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

“தையலு,” என்றாள் கனகு, “பின்பக்கமாப் போயி ரஹமத் அக்கா வூட்ல என்ன இருக்குன்னு கேட்டு வாங்கிட்டு வா.”

ரஹமத் அக்கா அடுத்த வீடு. அவரே சுவருக்கு மேலாகத் தலையை நீட்டினார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “அல்லா சாட்சியா அரிசி ஒரு மணி இல்ல தங்கச்சி. மொச்சக்கொட்டை ஊற வெச்சிருக்கேன், எடுத்துக்கோ. கத்திரிக்காயும் நாலு கெடக்கு. இன்ஷா அல்லா நல்லபடியா முடியும்,” என்று சுவர் வழியாகவே சட்டியைக் கொடுத்தார். குழம்புக்கு வழி பிறந்தது. சோற்றுக்கு?

“நீங்க ஒண்ணு பண்ணுங்க,” என்றாள் கனகு என்னிடம். “இந்த மோரை எடுத்துட்டுப் போயி ஆளுக்கு ரெண்டு தம்ளரு குடிக்க வைங்க. கெட்டியா இருக்கு. வயித்துல கொஞ்சம் எடம் அடையும்.”

எங்களிடம் செய்கிற கூழ் வித்தைதான். எடுத்துப் போனேன். மற்றவர்கள் ஒரு தம்ளரோடு நிறுத்திக்கொண்டார்கள். பெரியப்பா நாலு தம்ளர் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, “அடடா, நல்லாப் பசியைக் கெளப்பி வுட்டுடுச்சு,” என்றார்.

நான் கூடத்தில் மாட்டிக்கொண்டேன். அடுக்களையில் நடந்ததைக் கனகு பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கனகு ஒரு பானையில் வரகும் இன்னொரு பானையில் அரிசியும் வைத்துக்கொண்டு, அடியில் வரகு போட்டு மேலே எவ்வளவு அரிசிச் சோறு பரப்பினால் இலையில் தெரியாது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். குழந்தைகள் மூன்றும் மூலையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ‘இன்னிக்கு யாருக்கும் பசிக்கலை’ என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தாள். அப்போது குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்துவிட்டார்.

வந்தவர் இரண்டு பானையையும் பார்த்தார். முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்தார். குழந்தைகளைப் பார்த்தார். தண்ணீரைக் கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

கனகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “போச்சு தையலு. எல்லாம் போச்சு. பாத்துட்டாங்க.”

“போனா போகட்டும் அண்ணி,” என்றாளாம் தையல்நாயகி. “போன வாட்டி மூக்கு, இந்த வாட்டி வரகு. அழுவாதீங்க.” சொல்லிவிட்டு மூக்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாளாம்.

இரண்டு நிமிஷம். அந்த அம்மாள் மறுபடி வந்தார். கையில் ஒரு மஞ்சள் துணிப் பை. கதவை லேசாகச் சாத்தினார். பையின் வாயை அவிழ்த்து இன்னொரு முறத்தில் கவிழ்த்தார். இரண்டு படிக்குக் குறையாத அரிசி. கல் இல்லாத, வெள்ளை வெளேரென்ற அரிசி.

இப்போதெல்லாம் விசேஷத்துக்குப் போகிறவர்கள் தங்கள் வாய்க்குத் தாங்களே அரிசி கொண்டுபோகிறார்கள் அல்லவா? காதுகுத்துக்குப் புறப்பட்ட இவர்களும் கொண்டு வந்திருக்கிறார்கள். கூடத்து மூலையில் குவிந்திருந்த மூட்டைகளில் பாதி அரிசி மூட்டைகள்தான். அரிசி இல்லாத வீட்டில் அரிசியோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியவில்லை.

கனகு பதறிப்போனாள். “ஐயோ, வேண்டாங்கம்மா. பொண்ணு வூட்டு வெருந்துக்கு மாப்பிள்ளை வூட்டு அரிசியா? எங்களுக்கு அவமானங்க.”

“ஏம்மா, இது எங்க ஆளுங்க வாய்க்குன்னு கொண்டாந்த அரிசி. அவங்க வாய்க்குத்தானே போவுது? எந்த அடுப்புல வெந்தா என்ன?”

“நாளைக்கு அங்க போயி என்ன சொல்லுவீங்க?”

“பஸ்ல பை கிழிஞ்சி கொட்டிப் போச்சுன்னு சொல்றேன். கரி பஸ்தானே, எது சொன்னாலும் நம்புவாங்க.” சொல்லிக்கொண்டே முந்தானையைச் செருகிக்கொண்டு அரிசியைக் களைய உட்கார்ந்துவிட்டார். “எங்க வூட்ல மட்டும் தெனமும் நெல்லுச் சோறுன்னா நெனைச்சே? முப்பது எலைன்னு எங்க மாமா சொல்றாரே, அது அவரு பொறக்கறதுக்கு முந்தி. நானும் கம்பும் சோளமுமாத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். ஆம்பளைங்க காதுக்கு இது போவ வேண்டாம். பெருமை பேசறதுக்கு அவங்களுக்கும் ஏதாச்சும் வேணுமில்ல?”

சோறு வெந்ததும் அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? மூலையில் ‘பசிக்காமல்’ உட்கார்ந்திருந்த மூன்று குழந்தைகளுக்கும் போட்டார். “முன்னாடி அவங்களுக்குத்தானேங்க...” என்று கனகு கூடத்தைக் காட்டினாள். “அவங்க மோர் குடிச்சிருக்காங்க. இதுங்க என்ன குடிச்சுது?” என்று கேட்டாராம்.

இப்போது கூடத்துக்கு வருவோம். எனக்கு எதுவும் தெரியாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

தைத்த இலைகள் போட்டாயிற்று. கனகு பானையோடு வந்தாள். வரகு எப்போது வெளியே தெரியப்போகிறதோ என்று கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு விழுந்தது. வெள்ளை. கரண்டி அடியில் போய் வந்தது. அப்போதும் வெள்ளை. ஆவி பறக்கிற, மல்லிகைப் பூ மாதிரிச் சோறு. இது எங்கள் ரேஷன் கடை அரிசியா? நான் கனகுவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாமல் எங்கோ பதுக்கி வைத்திருந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் கோபம்கூட வந்தது. இத்தனை நாள் எனக்கு வரகைப் போட்டுவிட்டு...

பெரியப்பா முதல் உருண்டையை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். மொச்சைக் குழம்பு வழிந்த கையை நக்கிக்கொண்டார்.

“வாத்தியாரே, இது எந்த ஊரு அரிசி?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

“நம்ம சொந்த நெலந்தாங்க. வாலிகண்டபுரத்துப் பக்கம்.”

“அப்படிச் சொல்லுங்க. மண்ணு ராசியில்ல? எங்க வயல்லயுந்தான் வெளையுது, அதெல்லாம் ஒரு அரிசியா? ஏம்மா,” என்று தம்பி மனைவியைக் கூப்பிட்டார். அவர் கனகுவோடு நின்று பரிமாறிக்கொண்டிருந்தார். “நீயும் நம்ம அரிசியைத்தானே பொங்கிப் போடறே? ஒரு நாளாச்சும் இந்த ருசி வந்திருக்கா?”

அந்த அம்மாளுக்குப் புரையேறியது. சாப்பிடாமலேயே ஒரு மனுஷிக்குப் புரையேறி அன்றுதான் பார்த்தேன்.

“வரலைங்க மாமா,” என்றார் தண்ணீர் குடித்துவிட்டு.

“எப்படி வரும்? ஆடு மாடு மேயற மண்ணு அது. என்னடா தம்பி?”

“ஆமாண்ணே,” என்றார் தம்பி. அது பாதி அவருடைய வயல்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. எங்கள் மண்ணின் பெருமையைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை சொன்னேன். ஏரித் தண்ணீர் பாய்கிறது என்றேன். எங்கள் மேட்டு நிலத்துக்கு மேகம் பாய்வதே அபூர்வம். பெரியப்பா ரசித்து ரசித்துக் கேட்டுக்கொண்டே மூன்று பேர் சோற்றைச் சாப்பிட்டார். அதற்கு மேல் ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை.

ஆனால் மாப்பிள்ளை? முதல் தடவை போட்டதைச் சாப்பிட்டார். கனகு மறுபடி வந்தபோது இலைமேல் கையைக் குறுக்கே வைத்துவிட்டார்.

“என்ன மாப்ளே, கூச்சப்படாதீங்க,” என்றேன்.

“இல்லீங்க, போதும்.” சற்று நிறுத்தி, “உள்ள புள்ளைங்க சாப்ட்டாச்சுங்களா?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் அன்று அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

“ஆச்சு, ஆச்சு,” என்றேன், தெரியாமலேயே. எனக்குள் ஒரு கவலை முளைத்தது. இருபத்தைந்து வயசுப் பையன் இந்தச் சோற்றைப் போதும் என்கிறானே... பெண் பிடிக்கவில்லையோ? பெரியவர்கள் கட்டாயத்துக்காக உட்கார்ந்திருக்கிறானோ? அப்புறம் வெற்றிலை போடும்போதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. மாட்டுக்கு மருந்து கொடுத்துப் பழகிய முகம்.

சாயந்திர பஸ்ஸுக்குப் புறப்பட்டார்கள். மூட்டைகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். மஞ்சள் பையைப் பெரியப்பாவே தூக்கினார். “என்னம்மா இது, கனக்குது?”

“நாளைக்குக் காதுகுத்துக்கு அரிசிங்க மாமா.”

கனத்தது உண்மைதான். வெறும் பையைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கனகு அதில் வரகை நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள். அந்த அம்மாள் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறார். “நீங்க குடுத்ததை நான் வாங்கிக்கிட்டேன் இல்லீங்களா? நான் குடுக்கறதையும் வாங்கிக்கணும்,” என்று சொல்லிவிட்டாளாம். பை கிழிந்தது என்று பொய் சொல்லும் வேலையும் மிச்சம். அரிசிப் பை எப்படி வரகுப் பையாயிற்று என்று அந்த அம்மாள் வாலிகண்டபுரத்தில் என்ன சொன்னாரோ, அது அவர் சாமர்த்தியம்.

பஸ் ஏறும்போது பெரியப்பா என் தோளில் தட்டினார். “நிச்சயத்துக்கும் இதே அரிசிதான் போடணும், ஆமா.”

“அதுக்கென்னங்க,” என்றேன் தாராளமாக.

பஸ் போயிற்று. உள்ளே வந்து, “எங்கடி வெச்சிருந்தே அந்த அரிசியை?” என்று கனகுவைக் கேட்டேன். அவள் சொன்னாள். மேலே நான் எழுதியது அத்தனையும் சொன்னாள். நான் ஏரித் தண்ணீரைப் பற்றி அளந்தபோது அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் போய் நின்று கேட்டதையும், வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டதையும் சொன்னாள். என்ன செய்வது? பேசிய வாய் என்னுடையது.

ராத்திரி வழக்கம்போலக் கூழ். அந்தப் பை அரிசியில் அரைப் படி மிஞ்சியிருந்தது. கனகு அதை அளந்து பானைக்குள் வைத்துவிட்டாள். மூன்று பேரும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தோம். குழந்தைகள் தூங்கிவிட்டன. நான் நல்ல நாள் பார்க்க வேண்டும், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டே போனேன்.

“கொஞ்சம் இருங்க,” என்றாள் கனகு. “அவங்களுக்குப் புடிச்சிருக்கு, நமக்குப் புடிச்சிருக்கு. இவளை யாராச்சும் கேட்டமா?”

கேட்கவில்லை. ஒன்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் என்று இருக்கிற நானும் கேட்கவில்லை.

“என்ன தையலு, உனக்குச் சம்மதமா?” என்றேன்.

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். என்னிடம் பதில் சொல்லவில்லை. கனகுவிடம் கேட்டாள்: “அண்ணி, அவரு ஏன் ரெண்டாந்தரம் சோறு வாங்கல?”

“எலை போடறதுக்கு முன்னாடி கை கழுவப் பின்பக்கம் வந்தப்ப அவங்கம்மா பை காலியா அடுக்களைக் கதவுல தொங்கினதைப் பாத்தாரு. புரிஞ்சிருக்கும்.”

“சொல்லலையே யாருகிட்டயும்.”

“சொல்லல.”

தையல்நாயகி அடுப்பில் இருந்த தணலைக் கிளறிவிட்டாள். கை நனைத்தாகிவிட்டது. இவள் இப்போது மாட்டேன் என்றால்?

“இன்னொண்ணு கேக்கணும் அண்ணி. அந்தப் பெரியப்பா இருக்காரே... அவரும் ஒரே வூடா?”

“இல்ல. அவரு வூடு தனி. ரெண்டு தெரு தள்ளி.”

“ஒலைப்பானையும் தனியா?”

“தனிதான். அந்தம்மாவே சொன்னாங்க.”

“அப்ப சரிங்க,” என்றாள் தையல்நாயகி. தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பெண் பார்க்கப் புறப்படும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை... நீங்கள் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பெண் உங்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.